சைக்கிளில் போனால் இழப்பீடு கிடையாதா?

"சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டுபவருக்கு லைசென்ஸும் இல்லை. அதனால் கார் மோதினாலும் ஒரு பைசா கேட்க முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இந்தியச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு லைசென்ஸும் இன்சூரன்ஸும் தேவையில்லை. இன்சூரன்ஸ் இருக்க வேண்டியது மோதிய காருக்கு. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதே சாலையில் போகும் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின் கீழ் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். சிகிச்சைச் செலவு, போன சம்பளம், நசுங்கிய சைக்கிள் எல்லாம் கணக்கில் வரும். யார் தவறு என்று நிரூபிக்காமலே கேட்க 164ஆம் பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். இடித்துவிட்டு ஓடிய வண்டி சிக்கவில்லையா? அப்போதும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று தனித் திட்டம் உண்டு.

சரி, செய்தியில் துளியும் உண்மை இல்லையா? ராத்திரியில் விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வந்தீர்கள் என்றால், 166இல் உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்பத் தொகை குறையும். குறையும், அவ்வளவுதான்.

பலரும் கோட்டை விடுவது வேறு இடத்தில். வளைந்த சக்கரத்தைப் போட்டோ எடுக்காமலே சரிசெய்துவிடுகிறார்கள், மருந்துக்கடைச் சீட்டைக் கசக்கி எறிகிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி வையுங்கள். மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம்.