வைத்த காயைத் திரும்ப எடுக்கலாமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, பள்ளிக் காலத்திலிருந்து பழகும் நண்பர் ஒருவரோடு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தேன். நடு ஆட்டத்தில் அவர் நான்கு நிமிடங்களுக்குக் குறையாமல் யோசித்துவிட்டு, தன் ராணியை என் குதிரை வெட்டக்கூடிய கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார், கையையும் எடுத்துவிட்டார். நான் ராணியை வெட்டிப் பலகைக்கு வெளியே வைத்த பிறகுதான் நடந்தது அவருக்குப் புரிந்தது. "இரு இரு, கை தவறி வெச்சுட்டேன், திரும்ப எடுத்துக்கறேன்டா" என்றார். முடியாது என்றேன். "நமக்குள்ள என்ன டோர்னமென்ட்டா நடக்குது?" என்று கேட்டவர், அடுத்த பத்து நிமிடம் பேசவில்லை. கொண்டுவந்து வைத்த தேநீர் அப்படியே ஆறிப்போயிற்று.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பதால்தான் இதை எழுதுகிறேன். போட்டி ஆட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் நான்காவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது: நகர்த்தும் எண்ணத்தோடு தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், முறையான நகர்த்தலாக ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால், அந்தக் காயை வேறு கட்டத்துக்கு மாற்ற முடியாது. கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமானால், தொடுவதற்கு முன்பே அதை அறிவிக்க வேண்டும். ஆனால் மொட்டை மாடியில் நடுவரும் இல்லை, வெற்றி தோல்விக்கேற்ப ஏறி இறங்கும் தரப்புள்ளிகளும் இல்லை. அங்கே இந்த விதி எதற்காக என்று ஒருவர் கேட்டால், விதிப் புத்தகத்தைக் காட்டுவது பதிலாகாது.

என் பதில் இதுதான். காய்களைப் பழைய இடத்தில் வைத்தாலும் பலகை மட்டும்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆடுகிற இருவர் மனமும் திரும்புவதில்லை. அந்தக் குதிரையை நான் ஐந்து நகர்த்தல்களுக்கு முன்பே அங்கே கொண்டுவந்து, அது எதற்காக நிற்கிறது என்று அவர் கவனிக்கக் கூடாதென்று, மறுபக்கத்தில் சிப்பாய்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். ராணியை வெட்டிய கணத்தில் அந்த ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. ராணியைத் திருப்பிக் கொடுத்தால், அவர் இழந்தது முழுவதும் அவருக்குக் கிடைத்துவிடும். நான் மறைத்து வைத்திருந்தது எனக்குத் திரும்பக் கிடைக்காது. சிறிய உதவி என்று நாம் நினைப்பது, உண்மையில் ஒருவருடைய அரை மணி நேரச் சிந்தனையை எடுத்து மற்றவரிடம் கொடுத்துவிடுவதாகும்.

இன்னொன்றையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன். திரும்ப எடுக்கலாம் என்ற வழக்கம் ஒரு முறை வந்துவிட்டால், ஆடும் முறையே மாறிப்போகும். காயை ஒரு கட்டத்தில் வைத்து, அதன் தலையில் ஒரு விரலை ஊன்றியபடி, பலகையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். என் கண் எங்கே போகிறது, உதடு அசைகிறதா என்று கவனிப்பார்கள். விரல் எடுபடாதவரை நகர்த்தல் முடிவதில்லை என்பதால் விதிப்படி இதில் தவறில்லை என்றாலும், பலகையில் தேட வேண்டிய விடையை எதிராளியின் முகத்தில் தேடும் பழக்கம் ஒருவரை எந்தக் காலத்திலும் நல்ல ஆட்டக்காரராக்காது. நண்பர் நன்றாக ஆட வேண்டும் என்று உண்மையாகவே நான் ஆசைப்படுகிறேன்.

பிழை என்பது ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த விபத்து என்று நினைப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2014இல் சோச்சியில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியின் ஆறாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 26ஆவது நகர்த்தலில் நார்வேயின் கார்ல்சன் தன் ராஜாவை டி2 கட்டத்துக்கு நகர்த்தினார், அது பெரும்பிழை. நம் ஆனந்த் குதிரையால் ஈ5இல் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால், தொடர்ந்து இன்னொரு சிப்பாயும் விழுந்து ஆட்டத்தின் போக்கே மாறியிருக்கும். கையை எடுத்த பிறகு கார்ல்சனுக்கு அது தெரிந்துவிட்டது. கேட்கவும் முடியாது, முகத்தில் காட்டவும் கூடாது. உட்கார்ந்து காத்திருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆனந்தோ அதைக் கவனிக்காமல் ஓரச் சிப்பாயை நகர்த்தினார். அந்த ஆட்டத்தில் தோற்றார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஒருவர் பிழை செய்வது பாதிதான், மற்றவர் அதைக் கண்டுபிடித்தால்தான் அது முழுமையாகிறது என்பதை அந்த ஆட்டத்தைப் போல வேறெதுவும் எனக்குச் சொல்லவில்லை. அப்படியிருக்க, கண்டுபிடித்தவரிடம் போய் "அதை விட்டுவிடு" என்று கேட்பது, அவர் செய்த பாதி வேலைக்கு மதிப்பில்லை என்று சொல்வதற்குச் சமம்.

1994இல் ஸ்பெயினின் லினாரெஸில் நடந்ததும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. உலக வெற்றியாளராக இருந்த காஸ்பரோவ், பதினேழு வயது ஹங்கேரி வீராங்கனை யூதித் போல்காருக்கு எதிராக ஆடும்போது, குதிரையை சி5இல் வைத்து ஒரு நொடிக்கும் குறைவான நேரம் விரலை எடுத்துவிட்டு, அங்கே ஆபத்து இருப்பதைப் பார்த்ததும் எஃப்8க்கு மாற்றினார். விரல் விலகியதை ஒளிப்பதிவு காட்டியது. போல்கார் நடுவரிடம் முறையிடவில்லை. ஆட்டம் தொடர்ந்து காஸ்பரோவ் வென்றார். அவ்வளவு பெரிய போட்டிக்கு முதல் முறையாக அழைக்கப்பட்ட இடத்தில், உலக வெற்றியாளரோடு மனக்கசப்பை உண்டாக்க போல்கார் விரும்பவில்லை. விதி முழுவதும் அவர் பக்கம் இருந்தும் வாய் திறக்க முடியவில்லை. நடுவர் உட்கார்ந்திருக்கும் அரங்கிலேயே இப்படியென்றால், நட்பைத் தவிர வேறு எதுவும் நடுவில் இல்லாத மொட்டை மாடியில் மறுப்பவரின் நிலை என்ன? கேட்பவர் கேட்டுவிட்டு இலகுவாகிவிடுகிறார்; முடியாது என்று சொல்பவர்தான் கல்நெஞ்சக்காரர் ஆகிவிடுகிறார். கொடுத்தாலும் அது மனமுவந்து கொடுத்ததாக இருக்காது.

ஆகவே, பிழை செய்தவர் கேட்கக் கூடாது. கொடுப்பதா வேண்டாமா என்பதை எதிரே இருப்பவர் தாமாகத் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் நிலை. கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. புதிதாகக் கற்கும் பிள்ளையோடு ஆடும்போது நானே "இதை இன்னொரு தடவை பாரு" என்று சொல்லிக் காயைப் பின்னால் வைத்திருக்கிறேன். கைபேசியில் விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டத்தில் காய் விழுந்துவிட்டால், அது சிந்தனையின் பிழையே இல்லை. அதை வைத்து வெல்வதில் எனக்கு விருப்பமில்லை. இணையத்தில் சதுரங்கம் ஆடும் லிசெஸ் தளத்தில் எதிராளியின் சம்மதத்தோடு நகர்த்தலைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. எப்போதும் அனுமதிக்கலாமா, தரப்புள்ளி இல்லாத ஆட்டங்களில் மட்டுமா, ஒருபோதும் வேண்டாமா என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுவது நேரிலும் நல்லது. நாங்கள் பேசாமல் விட்டது என் தவறும்தான். ஆனால் நண்பர் கை தவறி வைக்கவில்லை. நான்கு நிமிடம் யோசித்து, உறுதியோடு வைத்தார்.

அந்த ஆட்டம் மேலும் பன்னிரண்டு நகர்த்தல்களில் முடிந்தது, நான் வென்றேன். காய்களைப் பெட்டியில் போட அவர் கையை நீட்டியபோது நான் தடுத்து, ராணி விழுவதற்கு முந்தைய நிலையை நினைவிலிருந்து பலகையில் மறுபடி அடுக்கினேன். "இது புது ஆட்டம், இங்கேர்ந்து ஆடு" என்றேன். முதலில் தயங்கினார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை வெகுநேரம் ராணியைத் தொடவே இல்லை. மூலையில் கிடந்த யானையை ஒரு கட்டம் நகர்த்தினார். அந்த நகர்த்தலை நான் எதிர்பார்க்கவே இல்லை. மாடி விளக்கைப் போட்டுக்கொண்டு இரவு ஒன்பது மணி வரை ஆடினோம். அதில் நான் தோற்றேன். இரண்டு முடிவுகளையும் நோட்டில் அடுத்தடுத்த வரிகளில் எழுதி வைத்திருக்கிறோம்.