காய்ச்சலும் பாய்ச்சலும்: சிக்கல் மடையில்தான்

நெல்வயலிலிருந்து வெளியாகி புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைக்க, வயலை மாறிமாறிக் காயவிட்டு நீர் பாய்ச்சும் 'காய்ச்சல் பாய்ச்சல்' முறையை டெல்டா விவசாயிகள் ஏன் ஏற்கவில்லை என்று ஒரு கட்டுரை கேட்கிறது. அறியாமை காரணமில்லை. எப்போது பாய்ச்சுவது என்று அறிய, மண்ணுக்குள் நீர்மட்டத்தைக் காட்டும் குழாயை வைப்பதும் எளிது: 30 செ.மீ. பிவிசி குழாயின் ஓட்டை போட்ட பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை வழித்தெடுக்க வேண்டும். வழிக்காவிட்டால் ஓட்டை அடைத்துக்கொண்டு குழாய் பொய் சொல்லும். வயலில் நீர் நிற்கும்போது உள்ளும் வெளியும் ஒரே மட்டமா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. பாய்ச்ச வேண்டும், பூக்கும் பருவத்தில் காயவிடக் கூடாது.

ஆனால், குழாய் 'இன்று பாய்ச்சு' என்னும்போது வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டுமே! வாய்க்கால் நீரை முறைவைத்துத் திறந்துவிடும் முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர், வந்த நீரைத் தேக்கத்தான் செய்வார். போர்வெல்காரருக்கோ மின்சாரம் இலவசம். மிச்சம் பிடித்து என்ன லாபம்? வயல் மட்டமாக இல்லாவிட்டால் மேட்டில் பயிர் வாடும், பள்ளத்தில் நீர் நிற்கும். காய்ந்த இடத்தில் கோரை கிளம்பும். களையெடுக்கும் கூலி யார் தலையில்? யூரியா போட்ட பின் மாறிமாறிக் காயவிட்டால் புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு வேறு கூடும். குழாய் கொடுப்பதற்கு முன் வயலை மட்டப்படுத்தும் லேசர் லெவலர் கருவியின் வாடகைக்கு மானியமும், முறை வைக்கும் தேதியை முன்கூட்டியே அறிவிப்பதும் வேண்டும்.