சீன நாணயத்துக்கு நம் காசின் பெயர்

சீன மாணவர்களுக்காக 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல்லை விளக்கும் கட்டுரையில், பிரெஞ்சில் பணப்பெட்டியைக் குறித்த 'கேஸ்' என்பதிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ரொக்கம் என்ற பொருளுக்கு அது சரிதான். ஆனால் சீனர்களுக்கு மிக நெருக்கமான இன்னொரு 'கேஷ்' விடுபட்டுவிட்டது.

நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய செப்பு நாணயத்தையும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றுதான் சொல்வார்கள். இது நம்முடைய 'காசு'. போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. எழுத்து ஒன்று, வேர் இரண்டு!

என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழி ஒருத்தி தன் பாட்டி கொடுத்த அந்த நாணயத்தைச் சிவப்புக் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறாள். விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அவர்கள் மொழியில் அது 'ச்சியென்'. 'கேஷ்' என்று அவர்கள் சொன்னதே இல்லை. ஓட்டை எதற்கென்றால், ஆயிரம் காசைக் கயிற்றில் கோத்து ஒரு சரமாக எண்ணத்தான். கி.பி. 621இல் தாங் அரசு வெளியிட்ட காசும் இதே வடிவம்தான்.

இன்றைய ரொக்கத்துக்குச் சீனத்தில் 'சியென்ஜின்', அதாவது கைவசமுள்ள பொன். மாணவர்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள், ஐயா. பழைய வரலாற்று நூல்களில் 'ஆயிரம் கேஷ்' என்று வந்தால் ரொக்கம் என்று நினைத்துக் குழம்பிப்போவார்கள்.