மீத்தேன் ஒப்பந்தத்தால் நெல் சாகுபடி நின்றுவிடுமா?

"2021 கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்து போட்டுவிட்டது, இனி நெல் பயிரிட விடமாட்டார்கள்" என்று ஒரு செய்தி சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. அந்தக் காலநிலை மாநாட்டின் உறுதிமொழியில் இந்தியா சேரவே இல்லை. சேர்ந்த நாடுகளையும் அது நெல்லை நிறுத்தச் சொல்லவில்லை. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்று மீத்தேன்; உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனை 2030-க்குள் 2020 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதுதான் இலக்கு.

"பச்சை வயல் எப்படிக் காற்றைக் கெடுக்கும்?" என்றும் அதில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். தண்ணீர் தேங்கிய சேற்றில் கால் வைத்தால் குமிழி குமிழியாக வருமே, அதில் மீத்தேன் இருக்கிறது. மண்ணுக்குக் காற்று போகாததால் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன.

இதற்கு வழி, மண்ணுக்குக் காற்று போகும்படி வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறைதான். துளை போட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு தண்ணீர் விடுவார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் வயல் காயக்கூடாது. முறையாகச் செய்தால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும், தண்ணீரும் மிச்சம். ஆனால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் இடத்தில் விவசாயி நினைத்த நாளில் பாய்ச்ச முடியாது. அரசு கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், பழி முழுவதும் வயலுக்கு வேண்டாம். மீத்தேன் உட்பட பூமியைச் சூடாக்கும் எல்லா வாயுக்களையும் சேர்த்த நாட்டின் 2020 கணக்கில் வேளாண்மையின் பங்கு சுமார் 14 சதவீதம். மின்சாரம், ஆலை, வாகனம் எல்லாம் அடங்கிய எரிசக்தியின் பங்கு சுமார் 76. 2025-இல் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகள் இந்தப் பெரிய பங்கைக் குறைக்கத்தான்.