போயிட்டு வாறேன் என்று சொல்ல முடியாத ஊர்

ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கேரள எல்லையில் இருக்கிற எங்கள் களியக்காவிளை டீக்கடையில் போய் உட்கார்ந்தால் "எப்பம் மக்களே வந்தே?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் "எப்பம் போவே?" வந்துவிடும். போகலை, விசாவை கேன்சல் பண்ணிட்டு வந்தாச்சு என்றால் முகம் ஒரு மாதிரி ஆகும். அப்புறம் ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பார்கள். "விடு, அங்க மனுஷன் இருப்பானா, அந்த வெயில்ல? இனியாவது வீட்டுச் சோறு தின்னுட்டு சொகமா இரி."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் அங்கேதான் நான் பதினாலு வருஷம் மனுஷனாக இருந்தேன்.

2009 நவம்பரில் ஷார்ஜா போனேன். துபாயில் மெட்ரோ ஓட ஆரம்பித்து இரண்டு மாதம், புர்ஜ் கலீஃபா இன்னும் திறக்கவில்லை, ஒரு திர்ஹத்துக்கு 13 ரூபாய்கூட வராது. திரும்பியது 2023 நவம்பரில், அப்போது திர்ஹம் 22 ரூபாயைத் தாண்டியிருந்தது. கல்ஃப் என்றால் நம் ஊரில் இரண்டே கதைதான். ஒன்று தங்கம், இன்னொன்று கண்ணீர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷார்ஜா ரோலாவில் காய்கறிப் பையோடு மாடி ஏறுகிற ஆளுக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. என் பதினாலு வருஷத்தில் முக்கால்வாசி அந்தச் சாயங்காலம்தான்.

அறையில் அஞ்சு பேர். நான், பாறசாலைக்காரர் ஒருவர் (பக்கத்து ஊர்தான், நடுவில் ஸ்டேட் எல்லை, இங்கே ஒரு நாளும் பார்த்ததில்லை), இரண்டு காயல்பட்டினம்காரர்கள், ஒரு கடப்பாக்காரர். எங்கள் எல்லைப் பக்கத்துக்காரர்களைச் சென்னைக்காரன் மலையாளி என்பான், திருவனந்தபுரத்துக்காரன் பாண்டி என்பான். அந்த அறையில் மட்டும்தான் இந்த இரண்டுங்கெட்டான் தமிழுக்கு மரியாதை இருந்தது. யாருக்கு யார் பேச்சு புரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மே மாதம் தொடங்கினால் மொட்டை மாடி டாங்க் தண்ணீர் கொதிக்கும், குழாயைத் திறந்தால் கை பொத்துப்போகும். அதற்கு அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. குளியலறை ஹீட்டரை அணைத்துப் போட்டுவிட வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீர் ஏசி காற்றில் ஆறிக் கிடக்கும். சிவப்புப் பொட்டு வைத்த குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர், நீலப் பொட்டைத் திறந்தால் வெந்நீர். ஆனால் அது இரண்டு பேர் குளிக்கத்தான் காணும். அஞ்சு பேரில் யார் அந்த இரண்டு பேர் என்பதற்குச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தோம், அதில் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம். இங்கே கிணற்றுத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது. முதல் வாரம் தலையில் ஊற்றிக்கொண்டபோது, இன்னைக்கு என் முறைதானா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். எங்களுக்கு ஞாயிறு ஆராதனை வெள்ளிக்கிழமை. ஷார்ஜாவில் யார்மூக் என்கிற இடத்தில் பல சபைகளின் சர்ச்சுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், காலையில் அந்தத் தெரு திருவிழா மாதிரி இருக்கும். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையை மாற்றியபோது எங்கள் கம்பெனியும் ஞாயிறுக்கு மாறியது. அதற்குள் என் உடம்பு பன்னிரண்டு வருஷம் பழகியிருந்தது. இப்பவும் வெள்ளிக்கிழமை காலை கண் விழித்தால் லீவு நாள் வாசனை அடிக்கிறது. மனைவியிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

ஒரு தப்பு நாங்கள் எல்லோரும் செய்தோம். எதையும் வாங்கவில்லை. ஊருக்குப் பெட்டி பெட்டியாக வாங்கினோம், எங்களுக்கு வாங்கவில்லை. எப்படியும் போகப்போகிறோமே, எதற்கு? பதினாலு வருஷம் ஒரே தலையணை, அதுவும் எனக்கு முன்னால் அந்தக் கட்டிலில் படுத்தவர் விட்டுப்போனது. மீன் வறுக்கும் சட்டிக்குப் பிடி உடைந்து ஆறு வருஷம். புதுச் சட்டி இருபத்தஞ்சு திர்ஹம் இருந்திருக்கும். ஆறு வருஷமும் கட்டிங் பிளேயரால்தான் பிடித்துப் பிடித்து இறக்கினோம். இதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அந்த வாழ்க்கையை வாழ்க்கை என்று ஒத்துக்கொள்ளப் பயந்திருக்கிறோம். இன்னும் அங்கே இருக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு நல்ல தலையணை வாங்குங்கள்.

கணக்கு முடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கிராஜுவிட்டி முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அதற்கு மேல் வருஷம் 30 நாள். எனக்கு 105 கூட்டல் 270, ஆக 375 நாள் சம்பளம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது பேசிக் சம்பளத்துக்கு மட்டும். கையில் 4,000 திர்ஹம் வாங்கியவனுக்குப் பேசிக் 1,800, மீதியெல்லாம் அலவன்ஸ். ஒரு நாளைக்கு 60 வீதம் 22,500 திர்ஹம், அஞ்சு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. இதைச் சேரும் அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், யார் பார்த்தார்கள்? பணம் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். பத்து நாள் கழித்துப் பணம் வந்தது, அதனால் பேசாமல் விடுகிறேன்.

பாறசாலைக்காரர் எனக்கு முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டார். அவருக்கு நோர்க்கா கடன் உண்டு, நல நிதி பென்ஷன் உண்டு. நோர்க்கா என்பது வெளிநாட்டில் இருக்கிற மலையாளிகளுக்கான கேரள அரசுத் துறை, 1996-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு, தமிழ்நாட்டில், 2011-ல்தான் வெளிநாடு வாழ் தமிழர்களுக்கான சட்டமே வந்தது. அதைவிட எனக்குப் பொறாமை ஒரு சொல்லில். அவரை அவர் ஊரில் பிரவாசி, அதாவது வெளிநாடு வாழ்பவர், என்கிறார்கள், மேடையில்கூட மரியாதையாகச் சொல்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நான் துபாய்க்காரன். துபாயில் நான் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை!

கிளம்பும் அன்று கீழே கிராசரிக்குப் போனேன். காசர்கோட்டு இக்கா கடை, மாசக் கடைசியில் கொடுக்கிற பற்றுப் புத்தகம். வழக்கமாக லீவுக்குப் போகும்போது "போயிட்டு வாறேன் இக்கா" என்பேன், அவர் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவரச் சொல்வார். இந்தத் தடவை அந்த வாக்கியம் வாயில் நின்றுவிட்டது. வாறேன் என்றால் பொய். போறேன் என்று நம் வீடுகளில் யாரும் சொல்ல மாட்டோம், வாயில் வராது. கடைசியில் "சரி இக்கா" என்றேன். அவர் ஏழு திர்ஹம் பாக்கி என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லி, நான் பர்ஸை எடுத்ததும் வேண்டாம் என்று கையைப் பிடித்து அமுக்கினார்.

கப்பல் கார்கோவில் போட்ட அட்டைப்பெட்டி போன வாரம்தான் வந்தது. பால் பவுடர், டாங், போர்வை, பிள்ளைகளுக்கு ஷூ. அடியில் அந்தக் கட்டிங் பிளேயர், பிடியில் மீன் எண்ணெய்க் கறையோடு. "இது எதுக்கு? இங்க ரெண்டு கிடக்குல்லா" என்றாள் மனைவி. சும்மா வந்துட்டு என்றேன். அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் மோட்டார் ரூமில் ஸ்பேனர்களோடு கிடந்தது.