ஜொனதன் மில்லர் மருத்துவத் தேர்வில் தோற்றவரா? இல்லை

“மருத்துவத் தேர்வில் தோற்றுத்தான் ஜொனதன் மில்லர் நாடக இயக்குநரானார், உங்கள் பிள்ளைக்கும் சொல்லுங்கள்” என்று கோலாலம்பூர் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பிரிட்டனைச் சேர்ந்த மில்லர் 1959-இலேயே மருத்துவராகத் தேறி, லண்டனில் பணியும் பார்த்தவர். 1960-இல் எடின்பரோவில் அவர் உட்பட நால்வர் சேர்ந்து நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சி பெரும் வெற்றி பெற்றது, மேடை இழுத்துக்கொண்டது.

மருத்துவத்தை அடியோடு விட்டார் என்பதும் சரியல்ல. 1978-இல் பிபிசியில் உடலின் இயக்கத்தை 13 பகுதிகளில் விளக்கினார். பிரேதத்தை அறுத்தும் காட்டினார்கள். 1980களில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நரம்பு உளவியல் ஆய்வாளர்.

இயக்குநராக அவர் கண் எவ்வளவு கூர்மை என்பதற்கு 1982-இன் ‘ரிகொலெட்டோ’ என்ற இத்தாலிய இசைநாடகம் போதும். அதில் வரும் இத்தாலியப் பிரபுவை நியூயார்க் குண்டர் தலைவனாக்கினார். தான் பாடும் புகழ்பெற்ற பாட்டுக்கு முன் அவன், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் இசைப்பெட்டியில் காசு போடுவான்.

பிள்ளைகளைத் தேற்றுங்கள், அவசியம். அதற்காகத் தேறிய ஒருவரைத் தோற்றவராக்க வேண்டாம்.