இது வேறொரு சுவிசேஷம்

மூன்று நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "கூட்டம் ஆசீர்வாதமாக முடிந்தது, குறை சொல்கிறவர்களைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நேற்று ஓர் அண்ணன் சபை வாட்ஸப் குழுவில் போட்டார். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று சொன்ன அந்தக் கூட்டம் எது, யார் பேசினார் என்று நம் ஈரோட்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பெயர் போட மாட்டேன்.

கடைசி நாள் ராத்திரி நானும் அங்கே இருந்தேன். பிரசங்கம் முடிகிற நேரத்தில் கவர் கொடுத்தார்கள். முன்பக்கம் 5,000, 10,000, 50,000 என்று மூன்று கட்டம். உங்கள் 'விதை', அதாவது பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி வாங்குகிற காணிக்கை, எது என்று டிக் அடிக்க வேண்டும். பின்பக்கம் ஜெபக் குறிப்பு எழுத நாலு கோடு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறாள். தறி ஓனரிடம் வாங்கிய முன்பணம் வருசக்கணக்காகத் தீரவில்லை. "இது கடன் முறிகிற ராத்திரி" என்று மேடையில் சொன்னதும் 10,000-ல் டிக் அடித்தாள். மகளிர் குழுவில் முந்தின நாள் எடுத்த லோன் பணம் அது. பின்பக்கம் 'முன்பணம் தீரணும்' என்று மட்டும் எழுதினாள். பேனா கொடுத்தது நான்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இது சுவிசேஷம் இல்லை. சுவிசேஷம் எது என்று அப்போஸ்தலன் பவுல் மூடி மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். 1 கொரிந்தியர் 15. அதில் எங்கே இருக்கிறது கவர்? வேறொரு சுவிசேஷத்தை வானத்திலிருந்து வருகிற தூதனே பிரசங்கித்தாலும் அவன் சபிக்கப்பட்டவன் என்று கலாத்தியருக்கு எழுதினாரே, அதை எத்தனை கூட்டங்களில் வாசிக்கிறார்கள்?

"பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்ற வசனத்தைத்தான் அன்றைக்கு முழுக்கச் சொன்னார்கள். சரி, அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டியதுதானே? "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று இருக்கிறது. அந்தக் காணிக்கை எதற்கு? எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்கு. இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொன்ன வசனத்தைக் காட்டி இல்லாதவளிடம் வாங்கியிருக்கிறார்கள். தேவனுடைய வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்த சீமோனிடம் "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் பேதுரு. 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் 95 கருத்துகளை எழுதியதும் சபையில் காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டை விற்றதைப் பார்த்துத்தான். அக்டோபர் 31 வந்தால் சீர்திருத்த நாள் என்று பேசுகிறோம். நம் ஊரிலேயே சீட்டு விற்றால் ஆமென் சொல்லுகிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அம்மாவுக்குக் கிட்னி இரண்டும் போய் வாரம் இரண்டு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த சமயம், வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த வீட்டில் அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் சுகம் தடைபடுகிறது" என்றார். சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. விடியற்காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னப் புள்ளையில பக்கத்துக் காட்டுல கடலைச்செடி புடுங்கித் தின்னேன் கண்ணு, அதுவா இருக்குமா?" என்று கேட்டார். அறுபத்தெட்டு வயசு. தினமும் முழங்காலில் நின்ற மனுசி. சாகக் கிடக்கும்போது கடலைச்செடியை எண்ணிக்கொண்டிருந்தார்.

தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதியவர் பவுல். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவரும் அவர்தான். இவர்களுக்கும் விசுவாசம் இல்லையா? லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் என்ற மிஷனரி கோயம்புத்தூருக்கு வந்தது 1830-ல். அந்த மிஷன் வழியில் வந்தவர்கள் ஈரோட்டில் சபையும் கட்டினார்கள், ஆஸ்பத்திரியும் நடத்தினார்கள். மருந்து அவிசுவாசம் என்று அவர்கள் நமக்குச் சொல்லித் தரவில்லை.

"நியாயந்தீர்க்காதே" என்று இதற்குள் யாராவது டைப் பண்ணியிருப்பீர்கள். அதே மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில்தான் கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்றும் இருக்கிறது. "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே", அதாவது ஊழியக்காரரைக் குறை சொல்லாதே என்பவர்களுக்கு எனக்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை வேதம் பாராட்டுகிறது. நம் மைக் பிடிப்பவர் பவுலைவிடப் பெரியவரா?

ஒரு கேள்வி மட்டும் எனக்கும் வலிக்கிறது. "ஏற்கனவே வெளியில் நம்மைப் பற்றி ஏதேதோ பேசுகிறார்கள், நீங்களும் இப்படிப் பொதுவில் எழுதலாமாங்க?" என்று எங்கள் பாடகர் குழுவில் என்னோடு பதினைந்து வருசம் நின்ற அக்கா கேட்டார். யோசித்தேன். உண்மையில் பயமாகவும் இருக்கிறது. ஆனால் உள்ளே பேசினால் யார் கேட்கிறார்கள்? போன வருசமே கமிட்டியில் சொன்னேன். "ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கோம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் ஒவ்வொரு வாரமும் "இரட்சிப்பு இலவசம்" என்று சொல்லிக் கொடுக்கிறேன். வெளியே வந்தால் அவர்களுடைய அம்மாக்கள் கையில் கவர். இப்போது சபையைப் பிரிக்கிறவள் என்று எனக்குப் பெயர். அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துவிட்டு வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார். வைத்துக்கொள்ளட்டும் அந்தப் பெயரை.

நேற்று சாயங்காலம் தறியிலிருந்து அந்தத் தங்கச்சி போன் பண்ணினாள். சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஓனர் முன்பணத்தைப் பற்றித் திட்டியிருக்கிறார், கடன் முறியவில்லை. அவள் கேட்டது இதுதான்: "எனக்கு விசுவாசம் பத்தலீங்களா அக்கா?"

என் அம்மா கேட்ட அதே கேள்வி.

கூட்டம் நடத்தின அண்ணன்மார்களே, சாட்சி வீடியோ அப்புறம் போட்டுக்கொள்ளலாம். அவள் கொடுத்த 10,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். புதன்கிழமை குழுவில் தவணை கட்ட வேண்டும்.